ஈட்டியோடு லண்டனில் ஆறு நாள்

நான் ரொறொன்ரோவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் துப்புரவு வேலை செய்கிறேன். உடற்பயிற்சிக் கூடம் என் பொறுப்பு. தொண்ணூறுகளில் அங்கே கூடைப்பந்து ஆடும் பையன்களைப் பார்க்க அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து தொப்பி போட்ட பயிற்சியாளர்கள் வருவார்கள். பையன்களிடம் தேனாகப் பேசுவார்கள். அவர்கள் குடித்துவிட்டுப் போட்ட கோப்பிக் கோப்பைகளைப் பொறுக்குவது நான். எவன் சொன்னதைச் செய்தான், எவன் ஏமாற்றினான் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். இதையெல்லாம் லண்டனில் இருக்கும் என் தங்கை ராணிக்குத் தொலைபேசியில் அளந்திருக்கிறேன். வாய்க்கொழுப்பு. அதனால்தான் ஒரு ஏப்ரலில் லீவு போட்டுவிட்டு லண்டன் போக வேண்டி வந்தது.

"அக்கா, வினோவை ரெண்டு கொலிஜிலை வந்து பாக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கினம். ஈட்டி எறியிறதுக்கு. எடுத்தால் படிப்பும் அங்கை, அறையும் அங்கை, காசும் அவையே குடுப்பினம். இவருக்கு இங்கிலிஷ் எண்டால் நடுக்கம். எனக்கு ஷிப்ட் மாத்த ஏலாது. நீ வந்து கூட்டிக்கொண்டு போ. உனக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றாள் ராணி.

வினோ, முழுப் பெயர் வினோதினி, ராணியின் ஒரே பிள்ளை. பதினெட்டு வயது. முந்தின கோடையில் நடந்த பள்ளிக்கூடப் போட்டியில் இரண்டாவதாக வந்தவள். அங்கேதான் இரண்டு கல்லூரிக்காரர்களும் அவளைப் பார்த்திருக்கிறார்கள்.

ஹீத்ரோவில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி எதற்காக வந்தாய் என்று கேட்டான். தங்கை மகள் ஈட்டி எறிகிறாள், அதற்காக வந்தேன் என்றேன்.

"யார் மேல்?" என்றான்.

முகத்தில் சிரிப்பே இல்லை. லண்டன்காரர்கள் பகிடி விடும்போது இப்படித்தான் இருப்பார்கள் என்பது எனக்குப் புரிய இரண்டு நாள் பிடித்தது.

பிளேஸ்டோவில் ராணியின் வீடு தீப்பெட்டி மாதிரி. இந்தப் பக்கம் ஒருவன் தும்மினால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் யன்னலைச் சாத்துகிறான். கை கழுவும் தொட்டியில் இரண்டு குழாய். ஒன்றில் கொதிதண்ணீர், மற்றதில் பனிக்கட்டித் தண்ணீர். இரண்டையும் ஒரே குழாயில் விடக் கனடாக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, உலகத்தையே ஆண்ட வெள்ளைக்காரனுக்குத் தெரியவில்லை. ஆனால் தேத்தண்ணீர் என்றால் லண்டன்தான். கனடாவில் தருவது தேயிலை பட்ட வெந்நீர்.

அன்று பின்னேரமே ஆட்கள் வந்துவிட்டார்கள். மிச்சம் என்ற இடத்தில் கடை வைத்திருக்கும் செல்வராசா சோபாவில் சாய்ந்துகொண்டு, "ஈட்டி எறிஞ்சு ஆரைப் பிள்ளை விழுத்தப் போறாய்? மாப்பிள்ளையையோ?" என்றார்.

"ஓம் மாமா. ஓடுற மாப்பிள்ளை எண்டால் நல்ல பிராக்டிஸ்" என்றாள் வினோ.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உயரமான பிள்ளை. தோள் அகலம். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கூனிக்கொண்டு நடப்போம். இவள் கதவுக்குள் நுழையும்போது மட்டும்தான் குனிகிறாள்.

அவளுடைய அப்பா சிவநேசன் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறார். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறப்பதில்லை. கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் மார்ச் மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு உங்கள் மகள் எப்படி எறிவாள் என்று கேட்டதற்கு இவர், "நாட் ஸோ குட், மேடம். ஜஸ்ட் ஸ்கூல்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்திருக்கிறார். இதை ராணி சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சொந்தப் பிள்ளையைப் பற்றி அப்படியே சொல்லுறது?" என்று கேட்டேன்.

"நாங்களே புழுகினால் நல்லாய் இருக்குமே அக்கா?" என்றார் நிலத்தைப் பார்த்தபடி.

எங்கள் ஆட்களின் வியாதி இது. ஊரான் பிள்ளையைப் புகழுவோம். எங்கள் பிள்ளையை, கண்ணூறு பட்டுவிடும் என்று, ஒன்றுக்கும் உதவாதது என்போம். வெள்ளைக்காரன் அதை அப்படியே நம்பிக் குறித்துக்கொள்வான்.

இரவுச் சாப்பாட்டுக்கு ராணி இடியப்பமும் சொதியும் வைத்தாள். மா பிழிவது வினோவின் வேலை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாவது தட்டில் அவள் இடியப்பம் பிழியும் உரலை இடது கைக்கு மாற்றினாள். பிறகு வலது கையால் ஒரு தரம் அமுக்கினாள். உதட்டைக் கடித்தாள்.  சாப்பிட்ட பிறகு அவளோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, கையில் என்ன என்று கேட்டேன்.

"முழங்கை, பெரியம்மா. பெப்ரவரியிலையிருந்து. எறியேக்கை உள்பக்கம் இழுக்குது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது. பிளீஸ், சொல்லாதேங்கோ."

"டொக்டர்?"

"போகேல்லை. போனால் நிப்பாட்டச் சொல்லுவினம்."

அப்போது நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பிழை என்னுடையது. "கலியாணம் பேசேக்கை எவள் தன்ரை குறையைச் சொல்லுறாள்? வாயைத் திறக்காதை. கடிதம் கையிலை வரட்டும். பிறகு பாப்பம்." அவள் தலையாட்டினாள். இந்தப் புத்தியைச் சொல்லத்தான் நான் அத்தனை தூரம் பறந்து போயிருக்கிறேன்.

இரண்டாம் நாள் முருகன் கோயில், கடை என்று போனது. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தால் லண்டனில் இருக்கிற நினைப்பே வராது. முருங்கைக்காய், நகைக்கடை, சேலைக்கடை, வடை பொரிக்கிற மணம். ரொறொன்ரோவிலும் இப்போது எல்லாம் கிடைக்கிறது, ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் காரில் போக வேண்டும். ராணி வினோவின் ஈட்டியையும் கோயிலுக்குக் கொண்டுவந்தாள். ஐயர் ஒரு கணம் திகைத்தார். பிறகு தட்டில் இருந்த சந்தனத்தை அதன் இரும்பு முனையில் பூசிவிட்டு, "எல்லாம் அவன் கையிலை இருக்கிறதுதானே" என்றார்.

ஈட்டி ஆள் உயரத்துக்கு மேல். அதைக் கொண்டுபோகச் சிவநேசன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கி, அளவாக வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, தோளில் மாட்டப் பழைய சீட் பெல்ட் ஒன்றையும் கட்டியிருந்தார். வாய் பேசாதவரின் வேலை. நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் முதல் கல்லூரிக்குப் போனோம். மேற்கு லண்டன். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறி ஒரு மூலையில் குழாயை நிறுத்தினோம். எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. லண்டனில் சிங்கத்தைக் கொண்டு ஏறினாலும் பேப்பரைத்தான் படிப்பார்கள். ஒரே ஒருவர் கேட்டார். தமிழ்நாட்டுக்காரர், வயதானவர்.

"என்னம்மா அது, டெலஸ்கோப்பா?"

"ஈட்டி" என்றேன்.

"ஆமாவா! முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுதானா என்பது தெரியாது.

முதல் கல்லூரி அழகு. செங்கல் கட்டடம், புல்வெளி, கண்ணாடி அலுமாரி நிறையக் கேடயங்கள். பயிற்சியாளர் டை கட்டியிருந்தார். வினோவின் கையைக் குலுக்கினார். என் கையையும் குலுக்கினார். எங்களைச் சுற்றிக் காட்டினார். எடைப் பயிற்சிக் கூடம், நீச்சல் குளம், அறை. அறையில் யன்னலைத் திறந்தால் மரம். ஈட்டியை எறியச் சொல்லவே இல்லை. அவ்வளவு தூரம் சுமந்தது வீண்.

"போட்டியில் பார்த்துவிட்டேன். எனக்கு அது போதும்" என்றார். "காயம் ஏதாவது உண்டா?"

வினோ என்னைப் பார்த்தாள். "இல்லை" என்றேன் நான்.

ராணி வெறுங்கையோடு போகக் கூடாது என்று மீனை உறைப்பாக வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் ஒரு பெட்டி கட்டித் தந்திருந்தாள். பயிற்சியாளர் நன்றி சொல்லி அதை மேசையில் வைத்தார். கிளம்பும்போது பார்த்தேன், மூடியைக்கூடத் திறக்கவில்லை. வினோ நூலகத்தைப் பார்க்கப் போனாள். நான் அந்தப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனேன்.

எங்கள் ஆட்களிடம் உருப்படியான பழக்கம் ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை பார்த்தால் மாப்பிள்ளை வீட்டில் விசாரிக்க மாட்டோம். சந்திக் கடையில் விசாரிப்போம், பக்கத்து வீட்டில், அவன் வேலை செய்கிற இடத்தில் விசாரிப்போம். கல்லூரியை விசாரிக்க எங்கே போவது? எனக்குச் சந்தேகமே வரவில்லை. வாளியும் துடைப்பமும் வைக்கும் அறையைத் தேடிப் போனேன்.

அங்கே கானா நாட்டுப் பெண் ஒருத்தி காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். நானும் இதே வேலைதான் என்றேன். எந்தத் திரவத்தால் தரை துடைக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். எங்கள் மேற்பார்வையாளர்களை இருவரும் திட்டினோம். ரோல்ஸ் ஒன்றைக் கடித்தாள், கண்ணில் நீர் வந்தது, இன்னொன்று எடுத்தாள். பிறகு சொன்னாள்.

"தடை தாண்டி ஓடுகிற பிள்ளை ஒன்று இருந்தது. இலையுதிர்காலத்தில் முதுகில் அடி. கிறிஸ்மஸுக்கு முன்னால் அதன் அறையை நான்தான் காலி செய்து துடைத்தேன். பிள்ளை படியில் இருந்து அழுதது. அந்தப் பயிற்சியாளர் கெட்டவர் இல்லை. அவர்கள் தரும் பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை வாசித்துப் பார்."

பயிற்சியாளர் தந்துவிட்ட பேப்பரை ரயிலில் வாசித்தேன். ஒவ்வொரு தவணை முடிவிலும் எறிகிற தூரத்தைப் பார்த்து அறையும் உதவியும் தொடருமா என்று முடிவு செய்வார்களாம். சின்ன எழுத்தில் போட்டிருந்தது. வினோவிடம் நீட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"மற்ற இடமும் இப்பிடித்தான் இருக்கும். அதுதான் வாயைத் திறக்காதை எண்டுறன்" என்றேன்.

அவள் தலையாட்டவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் முழுக்க மழை. ராணி விடிய வேலைக்குப் போனாள். நான் சோபாவில் இருந்து டீவி பார்த்தேன். மதியம் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கிக் கொடுத்தாள் வினோ. அதற்கு மேல் வினாகிரியை ஊற்றிக் காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். முதல் வாயில் திட்டினேன். கடைசியில் காகிதத்தை விரலால் துடைத்தேன்.

ஐந்தாம் நாள் இரண்டாவது கல்லூரி. அது தெற்கே. ரயிலுக்குப் பிறகு பஸ். சாரதி குழாயைப் பார்த்துவிட்டு, "அது என் பஸ்ஸில் ஏறாது" என்றான்.

"இது இவளுடைய படிப்பு" என்றேன் கோபமாக.

"படிப்போ என்னவோ, நீளமாக இருக்கிறது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

அடுத்த பஸ்ஸும் அதே கதை. நடந்தோம். தூறல். குழாயின் ஒரு முனை முன்னுக்கு அவள் இடது தோளில், மறு முனை பின்னுக்கு என் தோளில். ஏணி திருடிக்கொண்டு போகிறவர்கள் மாதிரி முக்கால் மணி நேரம் நடந்தோம். என் கனடாச் சப்பாத்துக்குள் தண்ணீர். வினோ சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கல்லூரியில் கேடய அலுமாரி இல்லை. இருந்தால் வேறு எங்கேயோ இருந்தது. பயிற்சியாளர் ஒரு பெண், மிஸிஸ் பார்க்கர். ஐம்பது வயது. "இருபது நிமிடம் பிந்திவிட்டீர்கள்" என்பதுதான் முதல் வார்த்தை. சிவநேசனிடம் தொலைபேசியில் பேசியது இவர்தான். ராணி புதிதாகக் கட்டித் தந்த ரோல்ஸ் பெட்டியைக் கொடுத்தேன். அங்கேயே திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "உடுப்பு மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு வா" என்று வினோவிடம் சொன்னார்.

நான் என் விசாரணைக்குப் போனேன். நடைபாதையில் ஒரு பெண்பிள்ளை முழங்காலில் கட்டோடு இருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல்.

"உங்கள் பயிற்சியாளர் எப்படி?" என்றேன்.

"பயங்கரமான பெண். ஊன்றுகோலோடு வகுப்புக்கு வரச் சொல்கிறார். ஓட முடியாவிட்டால் மற்றவர்கள் ஓடுவதற்கு நேரம் குறி என்கிறார்."

"எப்போதிலிருந்து இந்தக் கட்டு?"

"நவம்பர்."

"அறை?"

"என்ன அறை?"

"உன்னுடைய அறை. இன்னும் தந்திருக்கிறார்களா?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இல்லாமல் நான் எங்கே போய்த் தூங்குவது?"

நான் மைதானத்துக்கு ஓடினேன். அந்த வயதில், அந்த ஈரச் சப்பாத்தோடு ஓடினேன். இங்கே சொல்லலாம், இங்கே பயமில்லை என்று வினோவின் காதில் போட வேண்டும். பிந்திவிட்டேன். அவள் இரண்டு தரம் எறிந்துவிட்டாள். இரண்டாவது கிட்டத்தில் விழுந்து கிடந்தது. மிஸிஸ் பார்க்கர் இன்னொன்று என்று கையைக் காட்டினார்.

வினோ நடந்து போய் ஈட்டியை எடுத்தாள். திரும்பி வந்தாள். ஓடத் தொடங்கும் இடத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு ஈட்டியைப் புல்லில் குத்தி நிறுத்திவிட்டு நேரே பயிற்சியாளரிடம் போனாள்.

"என் முழங்கையில் பிப்ரவரியிலிருந்து வலி. டாக்டரிடம் போகவில்லை. வீட்டில் தெரியாது. நீங்கள் என்னை எடுக்காவிட்டாலும் சரி, இன்றைக்கு இனி எறிய மாட்டேன்" என்றாள்.

 தோள் நிமிர்ந்தபடியே இருந்தது.

மிஸிஸ் பார்க்கர் அவள் கையைப் பிடித்து மடக்கினார், நீட்டினார், உள்பக்கம் ஒரு இடத்தில் அமுக்கினார். வினோ துள்ளினாள். "இது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். வினோ சப்பாத்தைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான்" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஏசிய ஏச்சு! கனடாவில் இத்தனை வருடத்தில் எந்த மேற்பார்வையாளரும் என்னை அப்படி ஏசியதில்லை. கை அறுந்துபோயிருந்தால் நீயா தைத்துக் கொடுப்பாய் என்று கேட்டார். ஏசுகிற இடைவெளியில் இரண்டாவது ரோலையும் சாப்பிட்டார். எனக்குக் கோபம் பொங்கியது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது.

கடைசியில் வினோவைப் பார்த்துச் சொன்னார்: "நான் மூன்று வருடத்துக்கு ஆள் எடுக்கிறவள். இந்த ஒரு கோடைக்காக இல்லை. டாக்டர் பார்க்கும் வரை ஈட்டியைத் தொடாதே. நாளைக் காலை பத்து மணிக்குள் உன் அப்பாவோ அம்மாவோ எனக்குப் போன் செய்ய வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன்." என் பக்கம் திரும்பினார். "பெரியம்மா போன் செய்தால் செல்லாது."

திரும்பி வரும் ரயிலில் வினோ கேட்டாள், "பெரியம்மா, கோவமே?"

"ஓம். உன்னிலை இல்லை."

அவள் என் தோளில் தலையை வைத்தாள். கனமான தலை. பதினெட்டு வயதில் எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரனிடம், "இவள் என் தங்கை மகள்" என்றேன். அவன் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

பின்னேரம் சிவநேசன் பெற்றோல் வாசத்தோடு வந்தார். வினோ மேல்கோட்டைக் கழற்றக்கூட விடவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள். ராணி அழுதாள். பிறகு என்னிடம் பாய்ந்தாள். "பிள்ளைக்கு நல்ல வழி காட்டத்தானே உன்னைக் கூப்பிட்டனான்! மூடி மறைக்க எங்களுக்குத் தெரியாதே? அதுக்குக் கனடாவிலையிருந்து ஆள் வரவேணுமே?" பிழை என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். அது நடப்பது அபூர்வம்.

சிவநேசன் மகளின் முழங்கையைத் தொடாமல் பார்த்தார். "எப்ப துடங்கினது?"

"பெப்ரவரி, அப்பா."

"பெப்ரவரியிலை என்ரை காரைக் கழுவித் தந்தனி."

அவ்வளவுதான். சாப்பிடாமல் மேலே போய்விட்டார்.

ஆறாம் நாள் என் விமானம் பின்னேரம். காலையில் ராணி எனக்காக இடியப்பத்துக்கு மா குழைத்தாள். சிவநேசன் வேலைச் சட்டையோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றார். மணி ஒன்பதரை. பரீட்சை மண்டபத்தில் பேர் கூப்பிடக் காத்திருக்கும் மாணவன் மாதிரி நின்றார்.

"எந்த நம்பர் பிள்ளை?"

வினோ மிஸிஸ் பார்க்கரின் நம்பரைக் கொடுத்தாள்.

"மற்ற கொலிஜுக்கு?"

"அவைக்கு நான் சொல்லுறன் அப்பா. அது வேண்டாம்."

நான் பேசட்டுமா என்று கேட்கப் போனேன். ராணி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். "ஹலோ மேடம். திஸ் இஸ் வினோதினி ஃபாதர்." மறுபக்கம் நீளமாகப் பேசியது. "யெஸ். யெஸ் மேடம்." வியர்த்தது. "டொக்டர், யெஸ். மண்டே. ஐ டேக் ஹெர்." பிறகும் பேச்சு. பிறகு அவர் நிலத்தைப் பார்க்காமல் சமையலறை வாசலில் நின்ற மகளைப் பார்த்தார்.

"மேடம். பிஃபோர் ஐ டெல் யூ நாட் ஸோ குட். தட் இஸ் ராங்." ஒரு மூச்சு எடுத்தார். "ஷி இஸ் வெரி குட், மேடம். வெரி, வெரி குட்."

ரிசீவரை வைத்த பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. "இடத்தை வைச்சிருப்பினமாம்" என்றார். "கை சுகமாகுமட்டும் மற்றப் பிள்ளையளுக்கு அளந்து குறிக்க வரட்டாம்."

ராணி சுவாமிப் படத்தைப் பார்க்கப் போனாள். வினோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. பிறகு, தட்டுகள் காத்துக்கொண்டிருக்கின்றன என்று உரலைக் கையில் எடுத்தாள்.

சிவநேசன் சமையலறைக்குள் வந்தார். நான் இருந்த ஆறு நாளில் அவர் அதற்குள் கால் வைத்ததை நான் பார்த்ததில்லை. மகளின் கையிலிருந்து உரலை வாங்கி, பெற்றோல் நிலையத்துச் சட்டையோடு நின்று, தானே பிழிந்தார். ஒன்றும் வட்டமாக வரவில்லை. நான் பன்னிரண்டு சாப்பிட்டேன்.